மெல்லாடையும் சுண்ணக்கல்லும்: விஸ்லரின் மாடல் படங்கள் யார் கைவேலை?

1897 ஏப்ரலில் லண்டனில் ஓர் அவதூறு வழக்கு விசாரணைக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர் அமெரிக்க ஓவியர் ஜோசப் பென்னல். எதிர்த்தரப்பில் வால்டர் சிக்கர்ட் என்ற ஓவியரும் ‘சாட்டர்டே ரிவியூ’ இதழின் ஆசிரியர் ஃபிராங்க் ஹாரிஸும். முந்தைய டிசம்பரில் சிக்கர்ட் அந்த இதழில் பென்னலின் கல்லச்சுகளைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரைதான் வினை. கல்லின் மேல் வரையாமல் தாளில் வரைந்து, அச்சகத்தார் அதைக் கல்லுக்கு ஏற்றி எடுத்துக் கொடுக்கும் படத்தைக் கல்லச்சு என்று சொல்லி விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும் என்பது அவர் வாதம். பென்னலுக்காகக் கூண்டேறியவர் ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர். சிக்கர்ட் அவரிடம் தொழில் கற்றவர். குரு சீடனுக்கு எதிராகச் சாட்சி சொன்னதற்கு நட்புமுறிவு மட்டும் காரணமில்லை. விஸ்லரின் கல்லச்சுப் படங்களில் பெரும்பாலானவை அப்படித் தாளில் வரையப்பட்டவைதாம். சிக்கர்ட் சொல்வது சரியென்று ஆகிவிட்டால் அவருடைய படங்களும் போலியாகிவிடும்.

தீர்ப்பு பென்னல் பக்கம் போனது. 50 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. தாளில் வரைந்தது கல்லச்சாகுமா, அப்படி ஆகுமென்றால் அந்தப் படத்தில் யார் யாருக்குப் பங்கு என்ற கேள்வியை வழக்கு முழுவதுமாகத் தீர்க்கவில்லை. அதை ஆராய விஸ்லர் 1889-க்கும் 1893-க்கும் இடையில் செய்த மெல்லாடை மாடல் படங்களைவிடப் பொருத்தமான சான்று இல்லை என்று நினைக்கிறேன். ‘நடனப் பெண்’, ‘ஆடை உடுத்தும் மாடல்’, ‘மெல்லாடை உருவம், அமர்ந்த நிலை’ என்ற தலைப்புகள் கொண்ட சிறு படங்கள் அவை.

இந்த வரிசையில் பரவலாக அறியப்பட்டது 1893-இல் வந்த ‘அமர்ந்த நிலை’. பாரிஸில் ஆந்த்ரே மார்த்தி வெளியிட்டுவந்த ‘லெஸ்தாம்ப் ஓரிஜினால்’ தொகுப்பில் அது இடம்பெற்றது. 1893 முதல் 1895 வரை ஒன்பது தொகுப்புகளாக வந்த அந்த வெளியீட்டில் ஒவ்வொரு படமும் 100 பிரதிகள் மட்டுமே அச்சானது. படத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். உடம்பு தெரியும்படியான மெல்லிய துணி மேலே படிந்திருக்கிறது. பின்புலம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும்: உடம்பின் விளிம்புக்கு ஒரு கோடு, துணியின் விளிம்புக்கு ஒரு கோடு என்று தனித்தனியாக இல்லை. கிரேயான் இலேசாக உரசிப் போன இடத்தில் தாளின் சொரசொரப்புப் புள்ளிகளாகத் தெரிகிறது. அந்தப் புள்ளிகளே துணியாகவும் தோலாகவும் நிற்கின்றன. அழுத்திய கோடுகள் மிகச் சில. மீதியை வெள்ளைத் தாளே பார்த்துக்கொள்கிறது.

இந்த மென்மை எப்படிக் கைகூடியது என்று தெரிய வேண்டுமானால் கல்லச்சின் தொழில்முறைக்குள் போயாக வேண்டும்.

கல்லச்சைக் கண்டுபிடித்தவர் மியூனிக் நகரத்து அலோய்ஸ் செனெஃபெல்டர். நாடகம் எழுதுகிறவர். தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடியவர். 1796-இல் சலவைக்குப் போடும் துணிக் கணக்கை எழுதத் தாள் கிடைக்காமல், மெழுகு கலந்த மையால் கைக்கெட்டிய கல்லின் மேல் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் முறையை முழுமையாக்கினார். பவேரியாவின் ஸோல்ன்ஹோஃபென் பகுதியில் கிடைக்கும் சுண்ணக்கல் நீரையும் உறிஞ்சும், எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் அதில் வரைந்து, பிசினும் சிறிது நைட்ரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால், வரைந்த இடம் எண்ணெயை ஏற்கும் இடமாகவும் வரையாத இடம் நீரை வைத்துக்கொள்ளும் இடமாகவும் நிலைபெறும். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் மை கோட்டில் மட்டும் ஒட்டும். மேடு பள்ளம் ஏதுமில்லை. வேலை முழுவதும் வேதியியல். சிவகாசியில் இன்றும் ‘லித்தோ’ என்ற பெயர் சில அச்சகங்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதும், அங்கே ஓடும் ஆஃப்செட் எந்திரங்களில் மையும் நீரும் ஒன்றையொன்று விலக்குவதும் இந்தக் கல்லின் வழிவந்தவையே.

கல்லில் நேரடியாக வரைவதில் இரண்டு தொல்லைகள். கல் கனமானது, ஓவியர் போகிற இடத்துக்கெல்லாம் அது வராது. அடுத்தது, அச்சில் படம் இடவலமாகத் திரும்பிவிடும். வலக்கையில் விசிறி பிடித்த பெண் அச்சில் இடக்கையில் பிடித்திருப்பாள். மாற்றுத் தாள் இரண்டையும் தீர்த்தது. மாவுப்பசை போன்ற, நீரில் கரையும் பூச்சுப் பூசிய தாள் அது. அதில் கிரேயானால் வரைந்து, தாளை ஈரமாக்கி, முகம் கல்லில் படும்படி கவிழ்த்து, அழுத்துப்பொறிக்குள் செலுத்துவார்கள். பூச்சு இளகித் தாள் உரிந்து வரும். கிரேயான் கல்லில் தங்கிவிடும். கல்லில் திரும்பி நிற்கும் படம் அச்சில் மீண்டும் திரும்பி, ஓவியர் வரைந்தபடியே வந்து சேரும்.

இது பின்னால் வந்த யாரோ கண்டுபிடித்த குறுக்குவழி என்று நினைத்துவிடக் கூடாது. தாளிலிருந்து கல்லுக்கு மாற்றும் இந்த முறையைத் தன் கண்டுபிடிப்பின் மிக முக்கியமான பகுதியாகக் கருதியவர் செனெஃபெல்டரேதான். 1871-இல் ஓவியர் கமீல் கோரோ இப்படிப்பட்ட தாளில் வரைந்த பன்னிரண்டு படங்கள் அடுத்த ஆண்டே தொகுப்பாக வந்தன. ஓவியர் ஃபான்டின்-லத்தூரும் மாற்றுத் தாளைப் பயன்படுத்தினார். இவ்வளவு மரபு இருக்கும்போது, கல்லைத் தொடாதவன் கல்லச்சுக்காரன் அல்லன் என்ற வாதம் வரலாற்றின் முன் நிற்காது.

அப்படியானால் சிக்கர்ட்டின் வாதத்தை முழுவதும் ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க முடியாது. அதற்கு ஒரு காரணம் அச்சகத்துக்குள்தான் இருக்கிறது.

தாளைக் கல்லில் கவிழ்க்கும் அந்தச் சில நிமிடங்களை எண்ணிப் பாருங்கள். ஈரம் மிஞ்சினால் கிரேயான் பரவிக் கோடு தடித்துவிடும். ஈரம் குறைந்தால் கோடு பாதி தாளிலேயே தங்கிவிடும். அழுத்தம் தவறினால் தாள் நகர்ந்து படமே கலையும். மாறிய பிறகு அமிலக் கரைசல் கொஞ்சம் கூடிப்போனாலும், மேலே சொன்ன அந்த மென்மையான புள்ளிகள்தாம் முதலில் கரைந்துபோகும். அழுத்தி வரைந்த கறுப்புக் கோடு பிழைத்துக்கொள்ளும். மெல்லாடையைக் காட்டும் சாம்பல் நிறம் பிழைப்பது அச்சிடுபவரின் கைப்பக்குவத்தில்தான் இருக்கிறது. மூலப் படம் அந்த ஒரே தாள், கெட்டால் கெட்டதுதான்.

விஸ்லருக்கு இந்தப் பக்குவத்தைத் தந்தவர்கள் லண்டனின் தாமஸ் வே என்ற அச்சகத்தாரும் அவர் மகன் தாமஸ் ராபர்ட் வேயும். 1878-இல் விஸ்லரைக் கல்லச்சுக்கு அழைத்துவந்தவர் தந்தை வே. அந்த ஆண்டுதான் விஸ்லர் விமர்சகர் ரஸ்கின் மீது தொடுத்திருந்த அவதூறு வழக்கில் வென்று, இழப்பீடாக ஒரு ஃபார்திங் என்ற சில்லறைக் காசு மட்டும் பெற்றார். செலவு தாளாமல் மறு ஆண்டே திவாலானார். கல்லச்சு வேலை அதோடு நின்றது. 1880-களின் பிற்பகுதியில்தான் மீண்டும் சூடுபிடித்தது. 1892-இல் அவர் பாரிஸில் குடியேறிய பிறகு, வே அச்சகம் மாற்றுத் தாளை அனுப்புவதும், அவர் வரைந்து திருப்பி அனுப்புவதும், அச்சுப் பிரதிகள் அவர் பார்வைக்கு வருவதும் தபாலிலேயே நடந்தன. நினைத்துப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. விரல் பட்டாலே கறைபடியும் தாள் கடல் தாண்டிப் போய்வந்திருக்கிறது. பாரிஸில் ஆன்ரி பெல்ஃபோன் என்ற அச்சகத்தாரோடு சேர்ந்து சில வண்ணக் கல்லச்சுகளையும் விஸ்லர் முயன்றார். ‘மெல்லாடை உருவம், சாய்ந்த நிலை’ அவற்றில் ஒன்று. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வேண்டும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். அந்த முயற்சி சில படங்களோடு முடிந்தது.

சிக்கர்ட் குறி தவறியது எங்கே என்றால், விஸ்லர் தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர் அல்லர். மாறிய படத்தைக் கல்லின் மேலேயே சுரண்டியும், கிரேயானால் சேர்த்தும் திருத்திய படங்கள் உண்டு. சிக்கர்ட் சரியாகத் தொட்ட இடமும் உண்டு: இத்தகைய படத்தில் இன்னொருவர் கை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. அவர் அதை ஓவியரைத் தாழ்த்தப் பயன்படுத்தினார். அச்சிட்டவரை உயர்த்தப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு விஷயம். மாற்றுத் தாளுக்குச் சொல்லப்படும் நியாயங்களில் பெரியது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகலாம் என்பது. செல்சீ பகுதிக் கடைமுகப்புகளை வரைய அது உதவியது. மாடல் இருப்பது ஸ்டூடியோவில். அங்கே கல்லை மேசைமேல் போட்டு வரையலாமே? அப்படியும் விஸ்லர் தாளையே எடுத்தார். அவர் அதே மாடல்களை, அதே மெல்லாடையில், பழுப்புத் தாளில் பேஸ்டல் வண்ணக்கோலால் வரைந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அளவும் ஒன்று, கையோட்டமும் ஒன்று. பெண் கொஞ்சம் அசைந்தால் துணியின் மடிப்பு மாறும். மறுபடி அதே மடிப்பு விழாது. அதற்குப் பழகிய தாளும் பழகிய கோலும்தான் ஈடுகொடுக்கும். இந்தப் படங்களைப் பொறுத்தவரை தாள் அவருக்கு வசதி மட்டுமாக இருக்கவில்லை. அந்தக் கோடே தாளிலிருந்து பிறந்தது.

இனி துணிக்கு வருவோம். ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளில் ஆடை போர்த்திய மாடல் ஒரு தனிப் பாடம். ஆடை இங்கே ஒழுக்கச் சட்டமாகவும் இருந்தது. லண்டன் ராயல் அகாடமி பள்ளியில் பெண் மாணவர்கள் ஆடை களைந்த மாடலைப் பார்த்து வரையப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1893-இல் இசைவு வந்தபோதும், ஆண் மாடல் குளியல் கால்சட்டைக்கு மேல் 9 அடி நீளம், 3 அடி அகலத் துணியை இடுப்பில் சுற்றிக் கால்களுக்கிடையில் கொடுத்துச் செருகியிருக்க வேண்டும் என்று அளவோடு விதி எழுதினார்கள். நம் ஊரில் தார்பாய்ச்சிக் கட்டுவது எப்படியோ அப்படி. பெண்களின் கல்வியை ஒரு துணி அளவுக்குள் அடைத்த அந்த விதியைப் படிக்கும்போது இன்றும் கோபம் வருகிறது.

விஸ்லரின் துணி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. 1885-இல் அகாடமி உறுப்பினர் ஹார்ஸ்லி ஆடையற்ற மாடல்களுக்கு எதிராகப் பேசியும் எழுதியும் வந்தபோது, விஸ்லர் தன் நிர்வாணப் பெண் பேஸ்டல் படத்தோடு ஹார்ஸ்லியைக் குத்தும் வாசகத்தைத் தொங்கவிட்டுக் கண்காட்சியில் வைத்தார். அவர் மாடலுக்குத் துணி போர்த்தியது மறைக்க அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டாம். துணியின் மூலம் வேறொன்று. 1870 முதல் கிரேக்கத்தின் பொயோஷியாப் பகுதியில் தனாக்ரா என்ற ஊர்க் கல்லறைகளிலிருந்து சிறு சுடுமண் பெண்ணுருவங்கள் கிடைக்கத் தொடங்கின. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ உயரம். உடம்போடு ஒட்டி மடியும் ஆடை. அன்றாட வாழ்க்கையின் நிற்றலும் சாய்தலும். 1878 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு ஐரோப்பாவே அவற்றின்மேல் பித்தாயிற்று. விஸ்லரின் நண்பர் அலெக்சாண்டர் அயோனிடஸ் லண்டனில் அவற்றைச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பின் புகைப்படங்கள் விஸ்லரிடம் இருந்தன. அதற்கும் முன்பே, 1860-களில், ஆல்பர்ட் மூர் என்ற ஓவிய நண்பர் வழியாகக் கிரேக்க ஆடை மடிப்பு அவரிடம் வந்திருந்தது.

மூன்றாவது வழி அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதற்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது என் குறை. 1888 ஆகஸ்டில் விஸ்லர் பியாட்ரிக்ஸை மணந்தார். அவர் சிற்பி ஜான் பெர்னி ஃபிலிப்பின் மகள்; கட்டடக் கலைஞர் காட்வினின் விதவை; தானும் ஓவியர். காட்வின் கிரேக்க உடையை ஆராய்ந்து எழுதியவர். 1886-இல் ‘ஹெலெனா இன் ட்ரோவாஸ்’ நாடகத்தைக் கிரேக்க அரங்க முறையில், கிரேக்க மடிப்பாடைகளோடு லண்டனில் மேடையேற்றியவர். சிற்பமும் கிரேக்க ஆடையும் புழங்கிய வீட்டிலிருந்து வந்த பெண் பியாட்ரிக்ஸ். கல்லச்சில் மீண்டும் இறங்கும்படி கணவரை ஊக்கியவரும் அவர்தான். மெல்லாடைப் படங்கள் திருமணத்தை ஒட்டிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்தது தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 1896 மே 10-இல் அவர் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் விஸ்லர் செய்த கல்லச்சுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

துணிக்குள் இருந்த பெண்கள் யார்? ஹெட்டி, லில்லி, ரோஸ் பெட்டிக்ரூ என்ற மூன்று சகோதரிகள் அந்த ஆண்டுகளில் விஸ்லரின் ஸ்டூடியோவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். போர்ட்ஸ்மத் ஊரைச் சேர்ந்தவர்கள். தந்தை இறந்தபின் பிழைப்புத் தேடி லண்டன் வந்த குடும்பம். 1884-இல் ஓவியர் மிலேயின் ‘1745-இன் ஓர் இடைக்காட்சி’ படத்துக்கு மூவரும் சிறுமிகளாக உட்கார்ந்தார்கள். தெயோடர் ரூசலின் ‘வாசிக்கும் பெண்’ ஹெட்டி. ஓவியர் ஸ்டீர் திரும்பத் திரும்ப வரைந்த பெண் ரோஸ். ஹெட்டி பின்னர் சிற்பக்கலையில் இறங்கினார். ரோஸ் தன் மாடல் வாழ்க்கையை நினைவுக்குறிப்பாக எழுதிவைத்தார். ஆனால் மெல்லாடைக் கல்லச்சுகளின் தலைப்புகளில் இவர்கள் ஒருவர் பெயரும் இல்லை. ‘உருவம்’, ‘மாடல்’, ‘பெண்’ என்பதோடு சரி. அதே கல், அதே கிரேயான், ஏறத்தாழ அதே ஆண்டுகள்: கவிஞர் மல்லார்மேயை வரைந்தால் தலைப்பு மல்லார்மே, சிக்கர்ட்டை வரைந்தால் சிக்கர்ட்.

விஸ்லரின் கொள்கையே அப்படித்தான் என்று ஒரு பதில் உண்டு. சொந்தத் தாயை வரைந்த ஓவியத்துக்கே ‘சாம்பலும் கறுப்பும் கொண்ட அமைவு’ என்று பெயர் வைத்தவர். ஓவியத்தில் ஆள் யார் என்பது பார்ப்பவருக்குத் தேவையில்லை என்று வாதிட்டவர். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறையானதாகத் தெரியவில்லை. புகழுள்ளவர்களுக்குப் பெயரும், கூலிக்கு நின்றவர்களுக்கு ‘உருவமும்’ என்று பிரிந்திருக்கிறது. குளிர்ந்த ஸ்டூடியோவில் மெல்லிய துணியோடு மணிக்கணக்கில் அசையாமல் நிற்பது திறமை வேண்டிய வேலை. துணி எப்படி விழும் என்று அறிந்து உடம்பை வைக்கத் தெரிந்த மாடல் இல்லாமல் அந்த மடிப்புகள் இல்லை.

அச்சிட்டவர்களின் கதையும் நல்லபடியாக முடியவில்லை. மகன் வே 1896-இல் விஸ்லரின் கல்லச்சுகளுக்கு முதல் பட்டியல் நூலை வெளியிட்டார். அதைச் சுற்றி எழுந்த மனக்கசப்பிலும் கணக்குத் தகராறிலும் பதினெட்டு ஆண்டு உறவு அறுந்தது. 1903-இல் விஸ்லர் இறந்தபின், மைத்துனியும் உயில் நிறைவேற்றாளருமான ரோசலிண்ட் பெர்னி ஃபிலிப், எஞ்சிய கற்களிலிருந்து ஃபிரெடெரிக் கோல்டிங் என்ற அச்சகத்தாரைக் கொண்டு மீண்டும் பிரதிகள் எடுக்கவைத்தார். அதனால் ஒரே படத்துக்கு வே கையில் வந்த பிரதியும் கோல்டிங் கையில் வந்த பிரதியும் இன்று புழங்குகின்றன. மையின் அடர்த்தி, தாள், சாம்பல் நிறத்தின் ஆழம் எல்லாம் மாறும். வரைந்த கை ஒன்றே என்றாலும் அச்சிட்ட கை மாறினால் படம் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் கிடைக்காது.

ஆக, நான் வந்து சேரும் முடிவு இது. மாற்றுத் தாளில் வரைந்த படம் கல்லச்சுதான்; அதில் ஐயம் வேண்டாம். அந்தப் படத்தை ஒருவரின் கைவேலை என்று மட்டும் எழுதுவதுதான் பிழை.

திருத்த வழியும் இருக்கிறது. சிகாகோ கலைக் கழகம் 1998-இல் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் விஸ்லரின் ஏறத்தாழ 180 கல்லச்சுகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்துள்ளன. விஸ்லரின் கடிதங்களைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் இணையத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. வே அச்சகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் அதில் உண்டு. சான்றுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அருங்காட்சியகங்கள் படத்தின் கீழ் ஒட்டும் அட்டையில் ஓவியர் பெயருக்கு அடுத்த வரியில் அச்சிட்டவர் பெயரையும், அதற்கு அடுத்த வரியில் மாடலின் பெயரையும் போட வேண்டும். மாடல் யாரென்று தெரியாத இடத்தில் ‘பெயர் அறியப்படவில்லை’ என்றாவது எழுத வேண்டும். இந்தப் படங்களை நூல்களிலும் இதழ்களிலும் எடுத்தாளும் நாமும் அதையே செய்வோம்.